போற வழிதானே

சுபுஹானை வேலைக்கு எடுத்தபோது பெல்லமி துரை சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, குன்னூர் வழியாக மலை இறங்கி, மேட்டுப்பாளையம் ரயிலடியில் சேர்த்துவிட்டு, அரிசி மூட்டைகளோடு திரும்பி வர வேண்டும். ஒரு ஆளுக்கு அதுவே போதுமான வேலை. அவனுக்கு முன்பு அந்த லாரியை ஓட்டியவர்களில் ஒருவன் பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் லாரியைச் சாய்த்துவிட்டுக் குதித்து ஓடினான். கோயமுத்தூரில் போய்த்தான் நின்றான் என்று பேச்சு. அடுத்து வந்தவன் முதல் நாள் மூடுபனியைப் பார்த்ததும் வேலையே வேண்டாமென்று ஊரைப் பார்க்கப் போய்விட்டான். நிலைத்து நின்றவன் சுபுஹான் மட்டும்தான். அவன் செய்த தப்பும் அதுதான்.

முதலில் வந்தது சோடா. குன்னூர் பஜாரில் ஒரு பெட்டி சோடா ஏற்றி வரட்டும், போற வழிதானே என்று துரை சொல்லி அனுப்பினார். அடுத்து துரைசானியின் பங்களாத் திரைச்சீலைகள் சலவைக்குப் போயின. துரை காட்டிய வழியில் மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். ஹெட் கிளார்க் சில்வஸ்டரின் மாமியார் வளர்த்த கோழிகள் லாரியில் சந்தைக்குப் போயின. விலை படியாத கோழிகள் லாரியிலேயே திரும்பி வந்தன. கிறிஸ்தவக் கோயில் பாட்டுக் குழுவின் ஆர்மோனியம் ரிப்பேருக்குப் போய் வந்தது, மறுபடியும் போய் வந்தது, போகும்போது எழுப்பிய சத்தத்தையே வந்த பிறகும் எழுப்பியது. ஒரு சனிக்கிழமை, டென்னிஸ் பந்து பொறுக்குகிறவனுக்குக் காய்ச்சல் என்று சுபுஹானைக் கூப்பிட்டு வெயிலில் நிறுத்திப் பந்து பொறுக்க வைத்தார்கள். டென்னிஸ் மைதானம் எந்த வழியில் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் போகிற வழிதான் என்றிருப்பார்கள்.

அன்று வியர்த்து வழிய வீட்டுக்கு வந்தவனை மனைவி ராபியா மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க லாரிக்கு டிரைவருங்களா, இல்ல அந்த பங்களாவுக்கே வேலைக்காரருங்களா?"

"என்ன பண்ணச் சொல்ற. முடியாதுன்னா வேலை போயிரும்."

"போனா அவுங்கதான் அலையோணும். இந்த மலையில அந்த லாரிய எறக்கி ஏத்த வேற ஆளு எங்க வச்சிருக்காங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வீட்டில் பேசுவது சுலபம். துரையின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது சுபுஹானின் வாயிலிருந்து "சரிங்க" என்ற ஒரு சொல்தான் புறப்படும். மற்ற சொற்கள் எல்லாம் பங்களா கேட்டைத் தாண்டிய பிறகுதான் வரும்.

இப்படியிருக்கும்போது ஒருநாள் ஃபேக்டரி வாசலில் சில்வஸ்டர் அவனைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார்.

"சுபுஹான், நாளைக்கு டச்சஸும் உங்கூட வருது."

டச்சஸ் என்பது துரையின் நாய். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. வெள்ளைவெளேர் என்று, முகம் மட்டும் பெரிய வாத்து முட்டை மாதிரி இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு ஆள் மாட்டிறைச்சி வேகவைத்துப் போட்டான்.

"அது எதுக்குங்க மேட்டுப்பாளையம்?"

சில்வஸ்டர் கோயிலில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசிக்கிறவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். "அங்க மரக்கிடங்கு ஹாட்ஜ் தொரை இருக்காரில்ல. அவரு ஊட்டுல ஒரு வரன் இருக்குது."

"வரனுங்களா?"

"பிரிகேடியர்னு பேரு. நல்ல வம்சம். அப்பனும் பாட்டனும் சீமையில கப்பு வாங்கினவங்க. காரியம் நாளைக்கே நடந்தாகணும். இத வுட்டா இன்னும் ஆறு மாசம் காத்திருக்கணும்னு தொரை சொல்றாரு."

"ஏனுங்க, நான் தேயிலை கொண்டுட்டுப் போறவன். பொண்ணழைப்புக்கெல்லாம் என்னையக் கூப்பிட்டா எப்படிங்க? அதும் போக, நாய் வாய் வச்சா நாங்க மண்ணு போட்டுக் கழுவித்தான் தொழுகைக்கு நிக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

"போற வழிதானேப்பா."

"செரி, பின்னால பெட்டிங்களோட கட்டிப் போடறேனுங்க."

சில்வஸ்டர் பதறிப்போனார். "தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கும். லண்டன்ல ஒரு சீமாட்டி கப்பை வாய்ல வச்சுட்டு, இதுல நாய் வாசனை வருதுன்னா யாரு பதில் சொல்றது? முன்னாடியே உக்கார வச்சுக்க."

மறுநாள் காலை லாரியின் முன்பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டுகிற இடத்தில் சுபுஹான். அந்தப் பக்கம் ஜன்னலோரமாகக் கிளீனர் சுவிசேஷமுத்து. நடுவில் கழுத்தில் நீலப் பட்டையோடு டச்சஸ். சுவிசேஷமுத்து சுபுஹானைவிடப் பதினைந்து வயது மூத்தவர். லாரி துடைப்பதைத் தவிர எல்லா விஷயத்திலும் அக்கறை உள்ளவர். சங்கிலியை அவர் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. குன்னூர் தாண்டுவதற்குள் அவர் தூங்கிப்போனார்.

டச்சஸுக்கு மலைப்பாதை பிடித்திருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது சுபுஹான் பக்கம் சாய்ந்தது. சாய்ந்த சந்தோஷத்தில் அவன் காதை நக்கியது. சக்கரத்தைச் சுற்றுவதா, காதை மூடுவதா என்று தெரியாமல் அவன் தலையைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டு ஓட்டினான். எதிரே மாட்டுவண்டிகளோடு ஏறி வந்தவர்கள், டிரைவருக்குக் கழுத்துப் பிடிப்பு போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டார்கள்.

பர்லியாரில் இன்ஜின் வழக்கம்போலக் கொதித்தது. அங்கே பழக்கடை வைத்திருந்த பாலன் என்பவனிடம் வாளி வாங்கித் தண்ணீர் ஊற்றுவது வாடிக்கை.

"அண்ணே, எந்திரிங்க. நாயப் பாத்துக்குங்க. நான் காதக் கழுவிட்டு வந்தர்றேன்" என்று சுவிசேஷமுத்துவை எழுப்பிவிட்டு சுபுஹான் ஓடையில் இறங்கினான். ஈர மண்ணை எடுத்துக் காதில் அப்பித் தேய்த்து, கழுவி, மறுபடியும் தேய்த்துக் கழுவினான். காது சிவந்து எரிந்தது. மேலே ஏறி வந்தபோது லாரி கதவு திறந்து கிடந்தது. பாலன் நறுக்கிக் கொடுத்த பலாச்சுளையை மென்றுகொண்டு சுவிசேஷமுத்து ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். சங்கிலியின் ஒரு முனை அவர் கையில் பத்திரமாக இருந்தது. மறுமுனையில் டச்சஸ் இருந்தது. டச்சஸோடு பாலனின் கடை நாயும் இருந்தது.

அந்த நாய்க்குப் பெயர் கிடையாது. செம்மண் நிறம், சுருட்டின வால், ஏதோ சண்டையில் ஒரு காதைப் பறிகொடுத்தது. பழத்தோலைத் தின்று வளர்ந்த அந்த உடம்புக்கு வம்சம், கப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. காரியம் முடிந்தேவிட்டிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஒன்று மேட்டுப்பாளையத்தையும் மற்றொன்று குன்னூரையும் பார்த்தபடி சாந்தமாக நின்றன.

"அண்ணே" என்றான் சுபுஹான்.

"நா என்னப்பா பண்றது. சுளையில பிசினு ஒட்டிக்கிச்சு. கையத் தொடைக்கறதுக்குள்ள..."

"தண்ணி ஊத்தட்டுங்களா?" என்று பாலன் கேட்டான்.

"இன்ஜினுக்கு ஊத்து" என்றான் சுபுஹான்.

அவர்கள் காத்திருந்தார்கள். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த வழியாகப் போன பஸ் ஒன்று வேகம் குறைந்து, உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஹாட்ஜ் துரை பிரிகேடியரைத் தானே பிடித்துக்கொண்டு வந்தார். கிழட்டு நாய். வெயிலுக்கு மூச்சு வாங்கியது. டச்சஸைச் சுற்றி ஒரு நடை நடந்தது, மோந்து பார்த்தது, ஒரு தும்மல் போட்டது, பிறகு மரத்தடி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. ஹாட்ஜ் துரை சற்று நேரம் விசிலடித்துப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் வந்ததும் உள்ளே போனவர், திரும்பி வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உங்கள் துரையிடம் சொல் என்றார். சுபுஹான் டச்சஸை ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். ஹாட்ஜ் துரை சொன்னதை அப்படியே சில்வஸ்டரிடம் சொன்னான். சில்வஸ்டர் துரையிடம் சொன்னார். அன்று துரை கிளப்பில் எல்லோருக்கும் விஸ்கி வாங்கிக் கொடுத்து, பிறக்கப்போகும் குட்டிகளை யார் யாருக்குத் தருவது என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

வீட்டு வாசலில் ராபியா அண்டா நிறையத் தண்ணீரோடு நின்றாள். சுவிசேஷமுத்து முன்னாலேயே வந்து கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எங்க வேணும்னாலும் போயி யாருக்கு வேணும்னாலும் கல்யாணம் பண்ணி வையுங்க. அந்தச் சட்டையோட இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது" என்றாள். திரும்பிக்கொண்ட அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தபோதுதான் சிரிக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டிகள் பிறக்கும்வரை இரண்டு மாதமும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

குட்டிகள் பிறந்தன. ஐந்து. ஐந்தும் செம்மண் நிறம். ஐந்துக்கும் வால் சுருட்டிக்கொண்டு நின்றது. பர்லியார் பக்கம் போய் வந்தவர்களுக்கு அப்பனை அடையாளம் காண ஒரு நிமிஷம் ஆகவில்லை. காது ஒன்றுதான் குட்டிகளுக்குக் கூடுதல்.

ஹாட்ஜ் துரை காரில் மேலே வந்தார். பிரிகேடியரின் மானம் போய்விட்டது என்றார். உன் நாயைக் கட்டி வைக்கத் தெரியவில்லை என்றார். உன் நாய்க்கு வயதாகிவிட்டது என்றார் பெல்லமி துரை. இரண்டு பேரும் ஆபீஸ் வராந்தாவில் நின்று இங்கிலீஷில் கத்திக்கொண்டது ஃபேக்டரியில் இயந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. கடைசியில் டிரைவரையும் கிளீனரையும் கூப்பிட்டு விட்டார்கள்.

பெல்லமி துரையின் தமிழ் கூலி ஆட்களை வேலை வாங்குவதற்காகக் கற்றது. அதில் கேள்வியும் அதட்டலும் ஒன்றுபோலவே இருக்கும்.

"சுபான். லாரி எங்கே நின்னது?"

"பர்லியார்ல நின்னுதுங்க. தண்ணி ஊத்த."

"நாய் யார் பார்த்தது?"

சுவிசேஷமுத்து நேர்மையாகக் கையைத் தூக்கினார். "நாந்தாங்க தொரை. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்துட்டேதான் இருந்தேனுங்க."

சில்வஸ்டர் இருமலை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். துரையின் முகம் சிவந்தது. போதாததற்கு ஹாட்ஜ் துரையும் பக்கத்தில் நின்றார். வேலையை விட்டுப் போ என்று அந்த வாய் சொல்லப்போகிறது என்று சுபுஹானுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியும் போகப்போகிற வேலை என்றானதும் அவன் நாக்குக்குக் கட்டு அவிழ்ந்தது.

"தொரை, நான் லாரி டிரைவருங்க. தேயிலை ஏத்திவிட்டா தேயிலை போய்ச் சேரும். பெட்டி ஒண்ணு நனைஞ்சதில்ல, ஒண்ணு ஒடைஞ்சதில்ல. கோழி, திரைச்சீல, ஆர்மோனியம்னு நீங்க ஏத்துனதயெல்லாம் கொண்டு போனேன். கல்யாணத் தரகு எனக்குப் பழக்கமில்லீங்க."

சில்வஸ்டர் இதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஹாட்ஜ் துரை ஒரு நொடி முகத்தைச் சுருக்கிவிட்டு, பிறகு சிரித்தார். நியாயம்தானே பெல்லமி, தேயிலை லாரியில் நாயை ஏன் அனுப்பினாய் என்று கேட்டார். அவர் சிரித்ததுதான் பெல்லமி துரையால் தாங்க முடியாமல் போனது. வராந்தா மேஜையைக் குத்தினார். இன்று முதல் லாரியில் தேயிலை போகும், அரிசி வரும். வேறு ஒரு குண்டூசிகூட ஏறக்கூடாது. யாராக இருந்தாலும் சரி, அவராகவே இருந்தாலும் சரி. இதைத் தமிழிலும் எழுதி ஃபேக்டரி கேட்டில் ஒட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேலை போகவில்லை என்பது சுபுஹானுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அடுத்து வந்த மூன்று வாரமும் அவன் வாழ்க்கையிலேயே சுகமான வாரங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தான். சில்வஸ்டரின் மாமியார் கோழிக்கூடையோடு சாலையில் நின்றபோது, லாரியை நிறுத்தி, அக்கறையாக நலம் விசாரித்துவிட்டு, கூடையை ஏற்றாமல் போனான். பங்களாவில் சோடா தீர்ந்தது. துரைசானியின் திரைச்சீலைகள் குன்னூர் சலவைக்காரரிடமே தங்கிவிட, பங்களாவில் நடப்பதெல்லாம் ஜன்னல் வழியாகக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரிந்தது. துரைக்கு வந்த விஸ்கிப் பெட்டி மேட்டுப்பாளையம் ரயிலடியில் கிடந்தது. தன் உத்தரவைத் தானே மீறினால் கிளப்பில் ஹாட்ஜ் துரை சும்மா விடமாட்டார் என்று அதற்கு ஒரு மாட்டுவண்டியை அனுப்பினார். வண்டிக்காரன் போனவன் போனவன்தான். குட்டிகளை மட்டும் துரைசானி வெறுக்கவில்லை. ஒன்றைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கூலி ஆட்களின் லைன் வீடுகளில் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பெட்டிகள் ஏறி லாரி புறப்படும் சமயத்தில், பொன்ராஜ் என்கிற, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் ஆள் லைனிலிருந்து ஓடி வந்தான். அவன் மனைவி லோயிஸுக்கு முந்தின நாளே வலி கண்டுவிட்டது. பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, குன்னூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். லோயிஸ் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப் போவது முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை நடப்பதுதான். சுபுஹான் அதை ஒரு வேலையாகவே எண்ணியதில்லை. எண்ணாததால், உத்தரவு வந்தபோது அதுவும் சேர்ந்து நின்றுபோகும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. இந்த மூன்று வாரம் தனக்குக் கிடைத்த சுகம் யார் யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று இப்போதுதான் பட்டது.

"அண்ணே, எறங்கி மேல ஏறிக்குங்க" என்றான் சுவிசேஷமுத்துவிடம். லாரியின் முன்பக்கத்தில் லோயிஸைப் படுக்கவைத்தார்கள். கேட்டில் சில்வஸ்டர் நின்றார். அவருடைய தலைக்கு மேலேதான் அவருடைய கையெழுத்திலேயே உத்தரவு ஒட்டியிருந்தது.

"சுபுஹான், உத்தரவு இருக்குதப்பா."

"இருக்குதுங்க. தேயிலை மட்டும்னு. இவங்களும் பத்து வயசுல இருந்து இந்தத் தேயிலையிலதான் கெடக்கறாங்க. தேயிலைன்னே வச்சுக்குங்க."

சில்வஸ்டர் ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன். லோயிஸின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கேட்டை அகலத் திறந்துவிட்டு, மழை வருமா என்று பார்ப்பதுபோல முகத்தை மேலே தூக்கிக்கொண்டார்.

மேடு பள்ளமான பாதையில் சுபுஹான் லாரியை நத்தை மாதிரி ஓட்டினான். ஆஸ்பத்திரியில் இறக்கி, பொன்ராஜோடு நின்று, உள்ளேயிருந்து நர்ஸ் வந்து தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது, பெண் குழந்தை என்று சொன்ன பிறகுதான் கிளம்பினான். ரயில் போய்விட்டிருந்தது. தேயிலை மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிட்டது.

மறுநாள் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். துரை வராந்தாவில் மிச்சமிருந்த விஸ்கியைச் சோடா இல்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில்லாத ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துரைசானி ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். சில்வஸ்டர் பக்கத்தில் நின்றார்.

"ரயில் தப்பிச்சது" என்றார் துரை.

"ஆமாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேனுங்க."

துரை திட்டவில்லை. அவர் முகத்தில் அவன் எதிர்பார்க்காத ஒரு மலர்ச்சி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அது தப்பில்லை, தாராளமாகப் போகலாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற லாரி குன்னூரில் நிற்கத்தானே வேண்டும், நிற்கிற லாரியில் ஒரு சோடாப் பெட்டி ஏறினால் என்ன குறைந்துவிடும் என்று தொடர்ந்தார். திரைச்சீலை என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. சில்வஸ்டரும் மெதுவாக வாய் திறக்கப் போனார். வீட்டில் மாமியார் அவரை ஒருநாள்கூடச் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

லோயிஸுக்காகத் திறந்த கதவு வழியாக எல்லாம் திரும்பி உள்ளே வருகிறது என்று சுபுஹானுக்குப் புரிந்தது. "சரிங்க" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

"தொரை, ஆஸ்பத்திரிக்கு யாரும் என்னைக் கேக்க வேண்டாம். எந்நேரமும் போவேன். மத்ததுக்கு என்னையக் கேக்கணுங்க."

துரைக்குப் புரியவில்லை. சில்வஸ்டரைப் பார்த்தார்.

முடியுமா என்று கேட்க வேண்டும் என்கிறான் என்று சில்வஸ்டர் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னார்.

"முடிஞ்சா முடியும்பேன். முடியலைன்னா முடியாதும்பேன். அதுக்குக் கோவிக்கக்கூடாதுங்க."

துரையின் கழுத்து நரம்பு புடைத்தது. இந்த மலையில் லாரியை இறக்கி ஏற்ற வேறு ஆள் யார் என்று அவரும் மனசுக்குள் தேடியிருப்பார். உள்ளேயிருந்து துரைசானி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னாள். அது சுபுஹானுக்கே புரிந்தது. கேளுங்களேன்.

துரை கோப்பையைக் கீழே வைத்தார். தமிழில் அந்தச் சொல்லை அவர் இதுவரை உபயோகித்ததில்லை. அதைத் தேடுவதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நாளைக்கு... சோடா... கொண்டு வர முடியுமா?"

சுபுஹான் யோசித்தான். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் நன்றாக யோசித்தான்.

"நாளைக்கு முடியாதுங்க. நேத்துத் தங்கின பெட்டிங்களயும் நாளைக்குத்தான் ரயிலேத்தணும். வியாழக்கெழம பாக்கறேனுங்க."

"வியாழன்" என்றார் துரை. "சரி."

பங்களாப் படிகளில் அவன் நிதானமாகத்தான் இறங்கினான். பூந்தொட்டிகளைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியாத திருப்பம் வரைக்கும் நிமிர்ந்தே நடந்தான். அங்கே லாரி நின்றிருந்தது. கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றி இன்ஜினைக் கிளப்பப் பார்த்தான். உள்ளங்கை ஈரத்தில் பிடி நழுவியது. மறுபடியும் செருகினான், மறுபடியும் நழுவியது.

"என்னப்பா ஆச்சு, சீட்டைக் கிழிச்சுட்டாங்களா?" என்று மேலேயிருந்து சுவிசேஷமுத்து எட்டிப் பார்த்தார்.

"இல்லீங்கண்ணே" என்றான் சுபுஹான். லாரியின் மிதிபலகையில் உட்கார்ந்துகொண்டான். "கொஞ்சம் எறங்கி வந்து இதச் சுத்திக் குடுங்க. உங்களால முடியுமுங்களா?"